இங்ஙனமும் வாரிசும்

"போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டீங்களா தம்பி? இங்ஙனம் யாரார் பேரு போடணும்?"

காரைக்காலிலோ திருமலைராயன்பட்டினத்திலோ பிளக்ஸ் அடிக்கிற கடையில், சாவு வீட்டிலிருந்து வரும் பையனிடம் கேட்கும் கேள்விகள் இந்த இரண்டுதான். முதல் கேள்விக்குச் சிரமமில்லை. பேத்தி கல்யாணத்தில் கும்பலாக நின்ற படத்திலிருந்து தாத்தாவை மட்டும் வெட்டி எடுத்து, தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழித்து, பின்னால் நீல வானத்தையும் இரண்டு புறாவையும் கடைக்காரரே வைத்துவிடுவார். இரண்டாவது கேள்விக்குப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுப்பான். பந்தலில் உட்கார்ந்து சித்தப்பாவோ பெரியப்பாவோ எழுதிக் கொடுத்தது. அதில் யார் பெயர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நிற்பான். எழவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? எடுத்தாலும் தப்புச் சத்தத்தில் எது காதில் விழும்? "சீட்டுல உள்ளதயே போடுங்கண்ணே."

விடிவதற்குள் அது பக்கத்துப் போலகம் கிராமத்தில், தெருமுனையில் நிற்கும். தோற்றம், மறைவு, கண்ணீர் அஞ்சலி, அடியில் வரிசையாகப் பெயர்கள்.

இது முதல் தாள். இதே சாவுக்கு இரண்டாவதாக ஒரு தாள் உண்டு. அது வர மாதக் கணக்காகும். கொம்யூன் பஞ்சாயத்தில் இறப்பைப் பதிந்து, சான்றிதழ் வாங்கி, நோட்டரியிடம் உறுதிமொழி முடித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, தாசில்தார் கையெழுத்தாகி வரும் வாரிசுச் சான்றிதழ். அதில் புறாவும் இல்லை, வானமும் இல்லை. வரிசை எண், பெயர், வயது, உறவு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. படித்தால், ஒரே ஆளின் குடும்பத்தைத்தான் இரண்டும் சொல்கின்றனவா என்றே சந்தேகம் வரும்.

ஒரு வீட்டை வைத்துப் பேசலாம். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்துக் குழைத்த கற்பனை வீடு, யாரையும் குறிக்காது. எழுபது தாண்டிய விவசாயி ஒருவர் இறக்கிறார். அவரைப் பெற்ற தாய் தொண்ணூறு வயதில் திண்ணையோரம் கிடக்கிறாள். மனைவி இருக்கிறாள். மூத்த மகன் துறைமுகத்தில் வேலை, இளையவன் சிங்கப்பூரில். நடுவில் ஒரு மகள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூரில் இருக்கிறாள். பிளக்ஸில் இரண்டு மகன்கள், பேரன்கள், அண்ணன் தம்பி வகையறா, மைத்துனர்கள், சம்பந்திகள், கட்சியின் கிளைச் செயலாளர் என்று இருபதுக்கும் மேல் பெயர்கள். வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயர்கள்: தாய், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போனவரின் சொந்தச் சொத்தில் முதல் வகுப்பு வாரிசுகளான இந்த ஐவருக்கும் சமபங்கு, ஆளுக்கு ஐந்தில் ஒன்று. இரண்டு தாளுக்கும் பொதுவான பெயர்கள் எத்தனை? இரண்டு. பங்கு உள்ள ஐவரில் மூன்று பேர், மூவரும் பெண்கள், பிளக்ஸில் இல்லை. பிளக்ஸில் தடித்த எழுத்தில் உள்ள சம்பந்திக்கும் மைத்துனருக்கும் சான்றிதழில் ஒரு வரிகூட இல்லை.

மகளை விட்டது கோபத்தினால் என்று உடனே தோன்றும். தாயை விட்டது எந்தக் கோபத்தினால்?

சாவு வீட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், ஆத்தாளுக்கு இளையவன். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். மனைவியின் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவருவார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் உருமால் கட்ட மாமன் மச்சான் வருவார்கள். பங்காளிகள் தீட்டுக் காப்பார்கள். இதில் ஒவ்வொன்றும் ஒரு செலவு, ஒரு பொறுப்பு, ஒரு நாற்காலி. இந்த நாற்காலி வரிசையை அச்சடித்ததுதான் கருமாதிப் பத்திரிகையின் 'இங்ஙனம்'. "இன்ன தேதியில் இன்ன இடத்தில் காரியம், வந்து கலந்துகொள்ளவும்" என்று ஊரை அழைப்பவர்கள் அங்கே கையெழுத்துப் போடுகிறார்கள். செத்தவருக்கு வேண்டியவர்கள் யார் என்ற பட்டியலாக அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மகளுக்கு அந்தக் கணக்கில் இடம் உண்டு, மருமகன் பெயருக்குப் பின்னால். தாய்க்கு இடமே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஊரை அழைக்கக் கூடாது; அவளைத்தான் ஊர் வந்து பார்க்க வேண்டும். அவள் பெயர் இல்லாததை யாரும் அவமதிப்பாக நினைப்பதில்லை, அவளும் நினைப்பதில்லை.

எனவே விட்டுப்போன பெயர் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. வழக்கத்தால் விழும் பெயர் ஒரு வகை. இடமில்லாமல் விழுவது இன்னொரு வகை: நாளிதழ் விளம்பரத்தில் அளவு கூடக் கூடக் காசு கூடும், பிளக்ஸில் பெயர் கூடக் கூட எழுத்து சிறுக்கும். தூக்கக் கலக்கத்தில் விழுவது மூன்றாவது. சிலர் தாங்களே வேண்டாம் என்பார்கள். விவாகரத்து வழக்கு நடக்கும் பெண், மருமகனாக அந்த ஆள் பெயர் வருமானால் தன் பெயரும் வர வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் அப்புறம்தான் வேண்டுமென்றே வெட்டியது. திருப்பூர் மகள் அதில் சேர்த்தி. பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில், செத்துப் போன தகப்பன் அவளை வெட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் ரகசியமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். சீட்டு எழுதியது சித்தப்பா. இரங்கல் அறிவிப்பு இறந்தவர் பேச்சு மாதிரி நமக்குத் தொனிக்கிறது. எழுதியவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை. அடியிலே 'இங்ஙனம்' என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள், படிப்பவர்கள்தான் மறந்துவிடுகிறோம்.

இங்கே கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலை 'உதயன்' பத்திரிகையில் படித்தவர்களுக்கு, அல்லது ஒரு காலத்தில் இலங்கை வானொலியில் கேட்டவர்களுக்கு, அதன் நடை தெரியும். எங்கள் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் ரேடியோ மாதிரிக் கேட்கும். பாட்டுக்காகக் காத்திருந்தவர்கள் நடுவில் வரும் மரண அறிவித்தலையும் கேட்டே வளர்ந்தார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கி, இன்ன தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னின்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், மைத்துனரும், சகலனும், பேரனாரும் ஆவார் என்று ஒரே வாக்கியம் ஒரு பத்தி முழுக்க ஓடும். அந்த வாக்கியத்துக்குள் ஒவ்வொரு உறவுக்கும் ஒரு பெட்டி உண்டு. நாலு பிள்ளை பெயர் வந்து மருமக்கள் பெயர் மூன்றே வந்தால், கேட்பவர் விரல் விட்டு எண்ணி "எங்கேயோ இடிக்குதே" என்பார். அங்கே ஓட்டை வெளியே தெரியும். எங்கள் பிளக்ஸில் அந்தப் பெட்டிகளே கிடையாது. "மகன்கள், பேரன்கள் மற்றும் குடும்பத்தார்" என்று முடித்துவிடலாம். அந்த 'மற்றும் குடும்பத்தார்' என்பதற்குள் எத்தனை பேரையும் புதைக்கலாம். வெட்டினவனுக்கு வசதி எங்கள் வடிவம்தான்.

காரைக்கால், நாகூர்ப் பக்கத்துப் பள்ளிவாசல்களின் மௌத் (சாவு) அறிவிப்பு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒலிபெருக்கியில் தகப்பனார், கணவர், மகன்மார் பெயர் எல்லாம் வரும். இறந்தது ஒரு பெண் என்றால் பல இடங்களில் அவர்களின் பெயரை வைத்துத்தான் அவளை அடையாளம் சொல்வார்கள்.

இனி இரண்டாவது தாள். தாசில்தார் அலுவலகத்துக்கு யார் கொள்ளி வைத்தது என்பதில் அக்கறை இல்லை. யார் பேசிக்கொள்ளவில்லை என்பதிலும் இல்லை. முதல் வகுப்பு வாரிசு யார் என்ற ஒரே கேள்விதான். திருப்பூர் மகள் பதினைந்து வருடம் வாசல் மிதிக்காவிட்டாலும், வேறு சாதியில் கட்டியிருந்தாலும் முதல் வகுப்புத்தான். அவளை விட்டுவிட்டு "நாங்கள் இரண்டே பேர்" என்று உறுதிமொழி கொடுத்தால் அது பொய்ச் சத்தியம், குற்றம். அப்படிக் கொடுப்பவர்கள் இல்லாமல் இல்லை. "அதுதான் போஸ்டர்லயே பேரு இல்லியே, அப்பவே தல முழுவியாச்சு" என்று விசாரணைக்கு வந்தவரிடம் பிளக்ஸையே ஆதாரமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் தாளை எழுதும்போதே இரண்டாவது தாளை மனதில் வைத்து எழுதுகிறவர்கள் இவர்கள்.

அவர்களுக்கு அரைகுறையாக ஒரு சட்டம் தெரிந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், உறவை நிரூபிக்கக் குடும்ப வம்சாவளி, உயில், கல்லறைக் கல், குடும்பப் படம், இப்படியான செய்தி வழக்கமாக எழுதப்படும் வேறு பொருள் ஆகியவற்றில் உள்ள வாசகங்களைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் சொத்து வழக்குகளில் ஆவணமாக எண் போடப்படுவது வக்கீல் குமாஸ்தாக்களுக்குப் பழகிய சங்கதி. 'மகள்' என்று அச்சில் வந்துவிட்டால் நாளைக்கு அவள் அதை எடுத்துக்கொண்டு வருவாள் என்ற பயம் அங்கிருந்து வருகிறது. பயம் பாதி நியாயமானது. அச்சில் பெயர் இருந்தால் உறவுக்கு ஒரு சாட்சி கூடும். ஆனால் பெயர் இல்லாததால் உறவு இல்லாமல் போகாது. பிறப்புச் சான்று, பள்ளிக்கூட மாற்றுச் சான்று, குடும்ப அட்டை என்று அவளுக்கு வேறு பத்துத் தாள்கள் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் பிளக்ஸில் விட்டது வெறும் விட்டதுதான். அந்த வகையில் இது வீண் வேலை. பதினாறு நாள் அவமானத்தைத் தவிர அதில் எந்தப் பலனும் இல்லை.

சின்ன வீடு உள்ள சாவில் இந்தப் பயம் இரண்டு மடங்கு. இரண்டு தெருவில் இரண்டு பிளக்ஸ் நிற்கும். ஒரே முகம், ஒரே தேதி, வேறு வேறு இங்ஙனம். முதல் மனைவி உயிரோடு இருக்கக் கட்டிய இரண்டாவது கல்யாணம் செல்லாது. அதனால் இரண்டாமவளுக்கு வாரிசுச் சான்றிதழிலும் இடமில்லை. ஆனால் அவள் பெற்ற பிள்ளைகள் இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி சட்டபூர்வமான பிள்ளைகள். பெற்றவரின் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு விழும் பாகத்திலும் உண்டு என்று 2023 செப்டம்பர் 1ஆம் தேதி ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய வீட்டுப் பிளக்ஸில் அந்தப் பிள்ளைகள் பெயரைத் தேடிப் பாருங்கள், இருக்காது.

இதை எழுதும்போது காரைக்கால் அம்மையார் நினைவு வருகிறது. ஊர்க்காரன் என்பதால் வருகிறதோ என்னவோ. புனிதவதி என்ற பெயருடைய அந்த அம்மையாரை விட்டுப் போன கணவன் பரமதத்தன் பாண்டிய நாட்டில் வேறு பெண்ணைக் கட்டினான், பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரும் வைத்தான். உறவினர்கள் அம்மையாரைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போய் அவன் முன் நிறுத்தியபோது, இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுந்தான். சேக்கிழார் இதில் எதையும் மறைக்கவில்லை. நாயன்மார் வரலாறு ஆயிற்றே, இரண்டாம் குடும்பத்தை எதற்குச் சொல்வானேன் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் பரமதத்தனுக்கும் அம்மையாருக்கும் ஊரே கூடிக் கல்யாணம் நடத்துகிறது. கதை தெரிந்துதான் நடத்துகிறது.

வாரிசுச் சான்றிதழை நான் உயர்த்திப் பேசுவதாகத் தோன்றலாம். அதற்கும் ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. படுக்கையில் கிடந்த மாமனாருக்கு மூன்று வருடம் மலஜலம் எடுத்த மருமகள் அதில் கிடையாது, அவள் புருஷன் தகப்பனுக்கு முன்னே இறந்திருந்தாலொழிய. சட்டப்படி தத்து எடுக்காமல் வளர்த்த பிள்ளை கிடையாது. தகப்பன் முதல் வகுப்பில் இல்லை, தாய்தான் உண்டு. மகனைப் பறிகொடுத்த கிழவருக்கு இது புரியவே புரியாது. யாரையும் விடாத தாள் என்று ஒன்று எந்த அலுவலகத்திலும் இல்லை. பிளக்ஸ், நின்றவர்களைச் சொல்கிறது, ரத்தத்தை விடுகிறது. சான்றிதழ் ரத்தத்தையும் தாலியையும் சொல்கிறது, நின்றவர்களை விடுகிறது. அந்த மருமகளுக்குப் பிளக்ஸில்தான் ஒரு வாய்ப்பு இருந்தது. அங்கேயும் அவள் பெயர் வருவது அபூர்வம்.

சான்றிதழுக்கு ஒரு வரம்பும் உண்டு. பென்ஷன் பாக்கி, வங்கிக் கணக்கு, பட்டா மாற்றம் போன்ற காரியங்களுக்கு அது உதவும். சொத்து யாருக்கு என்ற கடைசி வார்த்தையை உரிமையியல் நீதிமன்றம்தான் சொல்லும். தாசில்தாரே ஒரு வாரிசின் பெயரை விட்டுவிட்டாலும் வழக்குப் போடலாம்.

நாடறிந்த சாவு ஒன்றில் இந்த இரண்டு தாளும் மோதியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா காலமானார். மறுநாள் ராஜாஜி மண்டபத்தில் உடலைச் சுற்றி நின்றவர்கள் தோழி சசிகலாவும் அவரது குடும்பத்தாரும். மெரினாவில் இறுதிச் சடங்கைச் செய்தவர் சசிகலா. ஜெயலலிதாவின் அண்ணன் ஜெயக்குமாரின் மகன் தீபக் கூட நின்றார். ஜெயக்குமாரின் மகள் தீபா, தன்னை அத்தையிடம் நெருங்கவிடவில்லை என்று பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைய நாளை ஒரு பிளக்ஸாக நினைத்துப் பாருங்கள்: இங்ஙனம் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. மூன்றரை ஆண்டு கழித்து, 2020 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றம் தீபக்கையும் தீபாவையும் சட்டப்படியான வாரிசுகள் என்று அறிவித்தது. கல்யாணமாகாத, பிள்ளையில்லாத, பெற்றோரும் போய்விட்ட ஒரு பெண்ணின் சொத்து தகப்பன் வழி வாரிசுக்குப் போகும் என்பது சட்டம். கூடவே எத்தனை வருடம் யார் இருந்தார்கள் என்பதைச் சட்டம் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் ஜெயலலிதாவின் வீடான வேதா நிலையத்தின் சாவி அந்த இருவர் கைக்கு வந்தது. உடலைச் சுற்றி நின்ற சசிகலா குடும்பத்துக்கு அந்த வீட்டில் ஒரு செங்கலும் இல்லை. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டு பட்டியலும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

போலகத்துக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துக்கும் இல்லாத ஒரு சிக்கல் இங்கே கூடுதலாக உண்டு. தெற்கே கொஞ்ச தூரத்தில் வாஞ்சூர்ச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. சாராய விலை மட்டும்தான் அங்கே மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1989இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதி வரை கல்யாணமாகாதிருந்த பெண்களைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்காளி ஆக்கியது. அது தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்தது. சாவடிக்கு இந்தப் பக்கம், புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில், அதற்கு வேலையில்லை. இங்கே அந்த உரிமை 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத்தோடுதான் பேச்சுக்கே வந்தது. ஒருத்தியின் குடும்ப நிலம் போலகத்தில், அவள் தோழியின் குடும்ப நிலம் நாகூரில் என்றால், ஒருத்திக்குத் தெரிந்த சட்டம் இன்னொருத்திக்குப் பொருந்தாத பதினாறு வருடங்கள் நடுவே கிடந்தன. அந்தப் பதினாறு வருடத்தில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரங்கள் எத்தனையோ.

அதற்கும் அடியில் பிரெஞ்சுக்காரன் போட்ட அடுக்கு ஒன்று இருக்கிறது. காரைக்கால் 1739இல் அவர்கள் கைக்குப் போனது, 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இடையே 1881 செப்டம்பரில் ஓர் ஆணை: விரும்பியவர்கள் தங்கள் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். அப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று தனியாக எழுதிவைத்தார்கள். விளைவு வேடிக்கையானது. அடுத்தடுத்த வீடு, ஒரே தமிழ், ஒரே மீன் குழம்பு. இந்த வீட்டுக்காரர் தன் சுயார்ஜிதச் சொத்து முழுவதையும் உயில் எழுதி மகளுக்கு ஒரு குழிகூட இல்லாமல் ஆக்கலாம். பக்கத்து வீட்டு ரெனோன்சானால் முடியாது. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட பங்கு உண்டு: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பாகம், மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று பாகம். மீதியைத்தான் இஷ்டப்படி கொடுக்கலாம். பிளக்ஸில் இருவரும் ஒரே மாதிரி மகளை விட்டிருப்பார்கள். ஒருவர் விட்டது உயில் வரைக்கும் செல்லும், மற்றவர் விட்டது பிளக்ஸோடு நின்றுவிடும்.

'சொல்தா' வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்கள் வீடுகளில், இன்னொன்று. கணவர் இறந்தபின் மனைவிக்குப் போகும் அந்தப் பென்ஷனில், விவாகரத்தாகி மறுமணம் செய்யாத முன்னாள் மனைவிக்கும் கல்யாணம் நீடித்த ஆண்டுகளின் விகிதத்தில் பாகம் உண்டு. எங்கள் ஊர் இங்ஙனத்தில் முன்னாள் மனைவி என்றொரு உறவே கிடையாது. பிரான்சு நாட்டுக் கஜானாவில் அவளுக்கு வருடக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சு முறை எல்லாவற்றையும் பதிந்துவிடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. அவர்களின் இறப்புப் பதிவில் இறந்தவர், அவரைப் பெற்றவர்கள், துணைவர் ஆகியோர் பெயர் வரும். பிள்ளைகள் பெயருக்கு இடமில்லை. ஆனால் வேறொரு பெயருக்கு இடம் உண்டு. 'மேரி'க்கு, அதாவது நகர மன்ற அலுவலகத்துக்கு, வந்து சாவைச் சொன்னவர் யார், அவருக்கு வயது என்ன, இறந்தவருக்கு அவர் என்ன உறவு என்று எழுதி, கையெழுத்தும் வாங்குவார்கள். அந்த ஒரு வரியை நம் பிளக்ஸிலும் போட்டால் நன்றாயிருக்கும் என்று எனக்கு வெகுநாளாக ஒரு விபரீத ஆசை. 'இந்தப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்: இறந்தவரின் தம்பி.' விட்டுப்போன மகள் தெருமுனையில் நின்று படிக்கும்போது, தன்னை வெட்டியது அப்பன் இல்லை என்பதாவது அவளுக்குத் தெரியும்.

அவள் எப்படியும் வருவாள். திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, காரைக்காலில் இறங்கி, விடியற்காலையில் ஆட்டோவில் வருவாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணில் படுவது பிளக்ஸ். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். பெண்கள் கூட்டத்தில் கடைசியாகப் போய் உட்காருவாள். திண்ணையோரம் கிடக்கும் கிழவிதான் கையை நீட்டித் தடவி, "யாரு, நம்ம பொண்ணா?" என்பாள். அந்த வீட்டில் அச்சில் வராத இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்டுகொள்வது அப்படித்தான்.

அவளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு. அதை இதே நிலையில் இருக்கும் எந்த மகளும் எடுத்துக்கொள்ளலாம். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுக்கக் கொள்ளி வைத்தவனாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இறப்புச் சான்றிதழின் நகல், தன் பிறப்புச் சான்று, ஆதார் ஆகியவற்றோடு அவளே நேராகப் போய்க் கேட்கலாம். அந்த மனுவில் அண்ணன், தம்பி, அம்மா, அப்பாயி எல்லார் பெயரையும் எழுத வேண்டும்; ஒன்றைக்கூட விடக் கூடாது.